போடுகிற கண்ணாடி

"அப்பாவோட கண்ணாடியைக் காணோம் சார்."

"முகம் பாக்குற கண்ணாடியா, மூக்குல போடுற கண்ணாடியா?" என்று முந்திக்கொண்டான் மச்சான். துப்பறிவாளருக்கு மனைவியின் தம்பி, எடுபிடியும் அவன்தான்.

"போடுற கண்ணாடி" என்றாள் அவள். மறைந்த கவிஞரின் மகள்; அவர் வாழ்ந்த வீட்டையே அருங்காட்சியகமாக்கியிருக்க, அதற்குக் காப்பாளர். "அதை வச்சிருந்த கண்ணாடிப் பெட்டியோட பூட்டு உடையலை. சாவி எங்கிட்டயும் காவலாளிகிட்டயும்தான் இருக்கு. அவரைத் துரத்தணும்னு அண்ணன் குதிக்கிறார். யார் எடுத்தாங்கன்னுகூட வேணாம் சார், அவர் எடுக்கலைன்னு சொல்லிட்டா போதும்."

கவிஞரின் எழுத்தறை வாசலில் 'காலணிகளைக் கழற்றவும்' என்று பலகை. மச்சான் குனிந்தான். "பரவாயில்லை, போட்டுக்கிட்டே வாங்க" என்றாள்.

உள்ளே நிர்வாகத் தலைவரான அண்ணன் கடுகடுவென்று நின்றார். சுவரோரம் காவலாளி. "முழியே திருட்டு முழி மாமா!" என்று மச்சான் கிசுகிசுத்தது எல்லோர் காதிலும் விழுந்தது. அவள் வாயைத் திறந்தால் போதும், திறக்க வரவில்லை.

துப்பறிவாளர் பெட்டிமேல் ஒட்டியிருந்த விவர அட்டையைக் காட்டினார். "புதுசா? கொஞ்சம் படிங்க."

"நேத்துதான் சரிபாத்து ஒட்டினேன்." கைப்பையிலிருந்து தன் கண்ணாடியை எடுத்தாள். "நேத்து இதை மறந்துட்டேன், இன்னிக்கு..." நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இவ்வளவு பொடி எழுத்தை நேத்து எதை மாட்டிப் படிச்சீங்க?"

அவள் கண்ணாடியை மறுபடி கைப்பைக்குள் போட்டாள்.

"செருப்போட வரச் சொன்னீங்க. தரையில குத்துற மாதிரி ஏதோ இருக்கு. பெட்டிக் கண்ணாடி முழுசா இருக்கு. அப்ப உடைஞ்சது போடுற கண்ணாடி."

அவள் உடைந்து அழுதாள். "அப்பா பவரும் என் பவரும் ஒண்ணுதான். ஒரு நிமிஷம்னு மாட்டினேன், கழட்டும்போது கைதவறிடுச்சு. இதை வீடுன்னு நினைச்சுக்காதேன்னு அண்ணன் ஏற்கெனவே கத்தினார். பயந்துட்டேன்."

"எங்க கால்மேல இருந்த அக்கறை அவர் பொழைப்பு மேல இல்லாம போச்சேம்மா" என்றார் துப்பறிவாளர். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மச்சானுக்கு எங்கே பார்ப்பதென்றே தெரியவில்லை.

"மன்னிச்சிடுங்கண்ணே" என்று அவள் காவலாளியைப் பார்த்துக் கைகூப்பினாள்.

காவலாளி போனில் எண்ணை அழுத்தினார். "உங்கண்ணன் ஐயா காலையிலயே எங்க வீட்டுக்குப் போன் போட்டு, உங்கப்பன் திருடன்னு சொல்லிட்டாரும்மா. போனை எடுத்தது எம்பொண்ணு. நான் சொன்னா நம்புமோ என்னவோ, நீங்களே சொல்லிடுங்க."

அவள் வாங்கிக் காதில் வைத்தாள்.

"அப்பா?" என்றது அந்தப் பக்கம்.