இரைச்சல் போன பிறகு கேட்டது

விரலால் ஒரு தட்டுத் தட்டி மட்டாஞ்சேரி முழுவதையும் ஊமையாக்கியவர் இந்தப் பூமியில் தாம் ஒருவர்தான் என்று செல்லப்பா அடித்துச் சொல்லுவார். துறையில் ஊதுகிற படகு, பஜாரில் கத்துகிற ஆடு, லாரி, மைக்செட், வீட்டில் மனைவி கற்பகம், அத்தனையும் அந்த ஒரு தட்டில் வாயடைத்துப் போயினவாம். அதன் பிறகு செத்துப்போன ஒருவன் சாவகாசமாக அவர் காதுக்குள் வந்து பேசினானாம். சாயாக் கடையில் இதைக் கேட்கிறவர்கள் பாதி நம்பி, பாதி சிரித்து வைப்பார்கள். சுக்குக் கிடங்கின் சாவிக்காரன் சிஜு மட்டும் துளிகூட நம்பமாட்டான். "அடுத்த தவண சேட்டனுக்கு அவன் பாட்டும் பாடித் தருவான்" என்பான்.

செல்லப்பா முப்பத்தாறு வருடம் தண்ணீர் பம்ப் ஹவுசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் நாலு நாள் உட்கார்ந்தார். ஐந்தாம் நாள் கற்பகமே அவரைக் கிளப்பிச் சுக்குக் கிடங்குக்கு அனுப்பிவிட்டாள். சாக்குகளின்மேல் மை உருளையால் மார்க் அடிக்கிற வேலை. பக்கத்திலேயே சல்லடை மெஷின். அது போடுகிற இரைச்சலில் கடல் பத்தடி பின்வாங்கியதைத் தாம் கண்ணால் பார்த்ததாக அவர் சொல்லுவதுண்டு. மாலையில் வீட்டுக்கு வந்தால் அவர் சாதாரணமாகப் பேசுவதே அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

அதனால்தான் அந்த வயர் இல்லாத இயர்பட்ஸ். மலிவானது வெறும் காது அடைப்பான். உயர்ந்ததை வாங்க ஒரு கிட்னியை விற்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒன்றை இடப்பள்ளிக் கடையில் அம்பிளி என்ற பெண் எடுத்துக் காட்டினாள். உள்ளதை உள்ளபடி சொல்லுகிற பெண். மெஷின், ஃபேன், பஸ் மாதிரி ஒரே சீராக வருகிற சத்தத்தை இது தின்றுவிடும் என்றாள். மனிதக் குரல் மட்டும் கொஞ்சம் உள்ளே வரும், நடுத்தர விலைக்கு அவ்வளவுதான் என்றாள். பிடிக்காவிட்டால் ஏழு நாளைக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

கற்பகம் அந்த ஏழு நாளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். எதையும் கூட்டிச் சொல்லாமல், இது தேறுமா தேறாதா என்று ஒரே வார்த்தையில் அவர் சொல்ல வேண்டும். முடியாவிட்டால் சனிக்கிழமை சாயங்காலம் இடப்பள்ளி பஸ்.

ஆறு நாள் போயிற்று. மெஷின் பக்கத்தில் சொர்க்கம். வீட்டில் மிக்சி சத்தம் போயிற்று, கற்பகத்தின் குரல் போகவில்லை. செல்லப்பாவால் முடிவுக்கு வர முடியவில்லை.

ஏழாம் நாள், சனிக்கிழமை. சனிக்கிழமைகளில் கிடங்கு ஒரு மணிக்கு மூடிவிடும். பூச்சிக்கு மருந்து வைத்து, கதவிடுக்குகளில் வெளியிலிருந்து டேப் ஒட்டினால் திங்கட்கிழமைதான் திறப்பு. மூடுவதற்கு ஒரு முறை இருந்தது. முன்கதவில் நின்று சிஜு "ஆளுண்டோ?" என்று மூன்று தடவை விளிப்பான். பின்பக்கம் காளி என்ற சுமைக்காரன் வரிசை வரிசையாகப் பார்த்து, மச்சில் ஏறியும் பார்த்து, "ஆளில்லா" என்று பதில் கொடுத்துவிட்டுப் பின்கதவு வழியே வெளியேறித் தாழ் போடுவான். அந்தப் பதில் வந்த பிறகுதான் சிஜு மருந்துத் தட்டுகளை உள்ளே தள்ளி முன்கதவைச் சாத்துவான். அவன் அப்பா காலத்தில் உள்ளே ஒருவன் மாட்டிச் செத்ததிலிருந்து அப்படித்தான்.

பன்னிரண்டரைக்குச் செல்லப்பா கடைசிப் பரீட்சைக்காக மச்சில் ஏறினார். இவர்கள் மெஷின் நின்றுவிட்டது. ஆனால் ஒற்றைச் சுவருக்கு அப்பால் அடுத்த கிடங்கின் மெஷின் முழு மூச்சாக ஓடிக்கொண்டிருந்தது. இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. பழைய சாக்குக் குவியலில் சாய்ந்து, இரண்டு காதிலும் மாட்டி, ஒரு தட்டு.

மெஷின் கரைந்து போயிற்று. தேன் போல ஒரு அமைதி வந்து மூடியது. சுக்கு நெடியும், ஓட்டு இடுக்கில் விழுந்த வெயில் கீற்றும், அதில் மிதந்த தூசியும்தான் மிச்சம். தேறும் என்று மனதுக்குள் தீர்ப்பெழுதிக் கண்ணை மூடினார். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

"ஆளில்லா."

வலது காதுக்குப் பக்கத்தில். களைத்த குரல், ஏற்ற இறக்கம் இல்லாமல்.

காளிதான் ஏறி வந்துவிட்டான் என்று கண்ணைத் திறந்தார். மச்சில் யாரும் இல்லை. ஏணியிலும் இல்லை.

இயர்பட்ஸைக் கழற்றினார். அடுத்த கிடங்கின் இரைச்சல் சுவரோடு வந்து மோதியது. அதற்கு நடுவே, தூரத்தில், முன்கதவின் இரும்புப் பட்டை விழுந்தது.

இறங்கி ஓடினார். கிடங்கு இருட்டிவிட்டிருந்தது. கதவைக் குத்தினார், கத்தினார். கத்தினது அவருக்கே கேட்கவில்லை. பின்கதவுக்கு ஓடினார், அது வெளியே தாழிட்டிருந்தது. திரும்பி வருகையில் மூக்கில் லேசாகப் பூண்டு வாசனை ஏறியது.

கிடங்கில் பூண்டு கிடையாது. மருந்து விஷவாயுவைக் கக்க ஆரம்பித்தால்தான் அந்த வாசனை வரும்.

மச்சுக்கே திரும்ப ஏறி, ஓட்டு இடுக்குக்குக் கீழே நின்றுகொண்டு சிஜுவுக்குப் போன் அடித்தார். தான் உள்ளே மாட்டிக்கொண்டதை மூன்று தடவை சொன்னார். போனைக் காதோடு அழுத்தியும் சிஜுவின் சிரிப்பு அரைகுறையாகத்தான் கேட்டது. கடலைப் பத்தடி தள்ளினவர் ஒரு கதவைத் தள்ளக் கூடாதா என்று கேட்டான். காளி ஆளில்லா என்று பதில் சொன்னதைத் தன் காதாலேயே கேட்டுவிட்டுத்தான் பூட்டினதாகச் சொல்லி வைத்துவிட்டான். அப்புறம் அடித்தபோது எடுக்கவில்லை.

இனி கற்பகம்தான். அவள் பேசுவது கேட்க வேண்டுமானால் இந்த இரைச்சல் போக வேண்டும். இரைச்சல் போக வேண்டுமானால் இயர்பட்ஸை மறுபடி மாட்ட வேண்டும்.

கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

பூண்டு வாசனை கூடியது.

மாட்டினார். தட்டினார்.

"சொல்லுங்க" என்றாள் கற்பகம், சமையலறையில் நிற்பது போலத் தெளிவாக. அவர் சொன்னதை முழுக்கக் கேட்டாள். பொருளைத் திருப்பிக் கொடுக்க மனசில்லாமல் இன்றைக்குப் பார்த்து இப்படி ஒரு கதையா, ஆறு நாளாக ஒரு வார்த்தை உண்மை வரவில்லை என்று ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"பக்கத்துல யாருங்க?"

"யாருமில்ல."

"ஒருத்தர் சொல்லிட்டே இருக்காரே. ஆளில்லா, ஆளில்லான்னு."

செல்லப்பா அசையவில்லை. இடது காதில் கற்பகத்தின் மூச்சு கேட்டது. வலது காதில் வேறொரு மூச்சு. இறுக்கி அடைத்திருந்த காது. வெளியிலிருந்து ஒரு மூச்சுச் சத்தம் அதற்குள் வந்திருக்க முடியாது.

மெஷின் சத்தத்தைத் தின்றுவிடும், மனிதக் குரல் மட்டும் வரும் என்று அம்பிளி சொல்லியிருந்தாள்.

"கற்பகம், வந்துடு" என்றார். அதற்குமேல் கூட்டிச் சொல்ல அவருக்கு எதுவும் வரவில்லை. அதுதான் அவளை நம்ப வைத்தது.

இரண்டு சந்து தள்ளித்தான் வீடு. சாயாக் கடையில் உட்கார்ந்திருந்த சிஜுவைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். டேப்பைக் கிழித்துக் கதவைத் திறந்தபோது மச்சு ஏணியோரம் செல்லப்பா தவழ்ந்துகொண்டிருந்தார். கர்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டு இருவரும் வெளியே இழுத்துப் போட்டார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள்.

ஏழு நாள் கெடு அங்கேயே தாண்டிப் போயிற்று. இது காதில் இல்லாமலிருந்தால் சிஜு விளித்தது அவருக்குக் கேட்டிருக்கும், உள்ளே மாட்டியே இருக்கமாட்டார் என்றாள் கற்பகம். இது காதில் இல்லாமலிருந்தால் தானும் நம்பியிருக்கப் போவதில்லை என்றும் அவளே சொன்னாள். பிரிட்ஜுக்கு மேலே தூக்கி வைத்துவிட்டாள். தேறுமா என்று யார் கேட்டாலும் செல்லப்பா, கொடுத்த காசுக்கு மேலேயே வேலை செய்யும் என்பார். திரும்ப மாட்டிப் பார்க்கமாட்டார், கிடங்குப் பக்கமும் போகமாட்டார்.

சிஜு மட்டும் மசியவில்லை. பதில் சொன்னது காளி, குற்றம் காளியின்மேல், பேயும் இல்லை பிசாசும் இல்லை என்று சாயாக் கடையில் சத்தியம் செய்தான். காளி அப்போது தென்காசியில் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தான். மூன்று வாரம் கழித்துத்தான் வந்தான். அந்தச் சனிக்கிழமை பத்தரைக்கே யாரிடமும் சொல்லாமல் பின்கதவைத் தாழிட்டுவிட்டு வைட்டிலா பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிட்டதாகவும், ஒரு மணிக்கு பஸ்சில் தூங்கிக்கொண்டிருந்ததாகவும் சொல்லி டிக்கெட்டைக் காட்டினான். சிஜு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதன் பிறகு சாயாக் கடைப் பக்கமே அவனைக் காணவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்லப்பா வீட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. கிடங்குச் சாவியைக் கற்பகத்தின் கையில் கொடுத்து, முதலாளியிடம் சேர்த்துவிடச் சொன்னான். செல்லப்பா காரணம் கேட்டார்.

"நேத்து காளியை என் பக்கத்துலயே நிறுத்திட்டுத்தான் விளிச்சேன் சேட்டா" என்றான். "மூணு தவண. உள்ளேருந்து ஆளில்லான்னு சொல்லல. செல்லப்பன் வந்நில்லேன்னு, வரலையான்னு கேட்டுது. காளியும் கேட்டான்."

செல்லப்பா உள்ளே திரும்பி, பிரிட்ஜுக்கு மேலே பார்த்தார்.

"சேட்டன் சொன்னது அத்தனையும் நடந்ததுதான்" என்றான் சிஜு.