கரைக்கு வருகிறவன்

குதிரையின் குளம்புகள் நேற்று வரை தண்ணீரில் இருந்தன. இன்று மணலில் இருந்தன.

கலைக்கூடத்துக்கு வருகிறவர்களுக்கு ஓவியங்களை விளக்குவது அவள் வேலை. கடலோரம் குதிரையில் போகும் ஒருவனின் அந்த ஓவியத்துக்கு அருகே இயக்குநர் ஒரு பலகை மாட்டியிருந்தார்: 'இருத்தலின் ஈரம்'. என்ன அர்த்தம் என்று அவரிடமே கேட்டால் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். அவள் எளிமையாக ஒன்று கேட்பாள்: குதிரைக்காரன் வருகிறானா, போகிறானா? மங்கலான வண்ணத் தீற்றல்களில் அது தெரியாது. ஆளுக்கொன்று சொல்லி மல்லுக்கட்டுவார்கள். அவள் பதில் சொல்லமாட்டாள். அதுதான் தொழில்.

மகனைக் கடல் கொண்டுபோன பிறகு பதில் சொல்லத் தொடங்கினாள். குளிக்கப் போனவன், உடல்கூடக் கிடைக்கவில்லை. "வர்றான், நல்லா பாருங்க, வீட்டுக்குத்தான் வர்றான்" என்று வந்த கூட்டத்திடமெல்லாம் சொன்னாள். பெற்றவளிடம் யார் வாதாடுவது?

"அக்கா, படத்துக்குக் கீழ தண்ணி சொட்டுது," என்றார் காவலாளி. "டைரக்டர்கிட்ட சொன்னேன். கலை நம்மள நனைக்கணும்கறார்."

"நான் பாத்துக்கறேன். நீங்க சாப்பிடப் போங்க."

"தனியாவா? அந்தக் குதிரை மூச்சு விடுற மாதிரி இருக்குக்கா."

"விட்டா நல்லதுதானே."

அவர் போனதும், குளிரூட்டியின் ரீங்காரத்துக்கு அடியில் அலை மணலை இழுத்துக்கொண்டு பின்வாங்கும் அரவம் எழுந்து, உப்பும் அழுகிய பாசியும் நனைந்த தோலும் கலந்த வாடை கூடத்தின் மெழுகு மணத்தை மெல்ல மெல்ல விழுங்கியது. அவள் கண்களை மூடிக்கொண்டாள். குளம்புச் சத்தம். மணலில் அல்ல. கூடத்துத் தரையில். அருகே வந்து நின்றது. யாரோ இறங்கினார்கள்.

"வந்துட்டியாடா?"

கண் திறந்தாள். மகனின் உயரம். மகனின் தோள். தூரத்தில் இருப்பவனுக்கு முகம் எதற்கு என்று ஓவியர் தூரிகையை நான்கு இழுப்பு இழுத்து விட்டிருந்தார். முகம் இருக்கவேண்டிய இடத்தில் அதே நான்கு இழுப்பு. ஈரமாக. அவளைத் தேடி அப்படியும் இப்படியும் திரும்பிக்கொண்டிருந்தது.

இரு கைகளாலும் அதை ஏந்தினாள். கட்டைவிரலால் ஒரு கண் வைத்தாள். வழிந்தது. மறுபடி வைத்தாள். மூக்கு? அவன் மூக்கு எப்படி இருக்கும்? ஞாபகம் வரவில்லை.

"இரு கண்ணா. இரு."

முழங்கை வரை வண்ணம். துடைக்கத் துடைக்க, அடியில் வெறும் வெள்ளைத் துணி.

அந்தத் துணி மெதுவாக அவள் தோளில் சாய்ந்தது.