ஒருவருக்கு ஒரு நன்றி

கிறிஸ்துமஸ் காலையில் இஸ்திரிப் பெட்டி சூடாவதற்கு முன்பே வீடு சூடாகிவிட்டது.

"யாரோட அங்கிய தேய்க்கிற? உன்னோடதா?" என்றாள் மாமியார்.

"உங்க பொண்ணோடது, அத்தை."

"அதானே! உனக்குத்தான் கொயர் கசந்து போச்சே!"

மூத்த மருமகள் காலரை மடித்து அழுத்தினாள். பதினோரு கிறிஸ்துமஸுக்குத் தனிப்பாட்டு அவளுடையது. இந்த முறை நான்கு வாரமாகப் பயிற்சிக்கே போகவில்லை. பாடகர் குழுவை நடத்தும் நாத்தனார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, பாட்டை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள்.

"சர்ச்ல பாட வரமாட்டாங்களாம்... வீட்ல கதவ சாத்திக்கிட்டு பாடுவாங்களாம்! மறந்துட்டுப் போன மூக்குக் கண்ணாடிய எடுக்கத் திரும்பி வந்தன்னைக்கு நானே கேட்டேனே!" என்று மாமியார் விடவில்லை. மருமகளின் கணவன் வழக்கம்போல ஷூவைத் தேடப் போய்விட்டான்.

அந்தச் சாத்திய கதவுக்குள் மாமனாரும் இருந்தார் என்பது மாமியாருக்குத் தோன்றவே இல்லை. பக்கவாதம் வந்து எட்டு மாதமாக அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச்சு வராதவர்களுக்குச் சில சமயம் பாட்டு வரும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் மருமகளிடம் சொல்லியிருந்தாள். பயிற்சிக்கும் ஜெபத்துக்கும் எல்லாரும் ஆலயத்துக்குப் போகும் மாலை நேரம்தான் அவளுக்குக் கிடைத்தது. ஒரே வரி, திரும்பத் திரும்ப. வராதபோது மாமனார் தலையணையை வீசுவார், அழுவார். வெளியே சொல்லாதே என்று கையெடுத்துக் கும்பிட்டிருந்தார். அதற்குப் பிறகு அவள் எப்படிச் சொல்வாள்?

ஆலயத்துக்குக் கிளம்புமுன் அந்த வீட்டில் ஒரு பழக்கம். முன்னறையில் வட்டமாக நின்று, ஆளுக்கு ஒரே ஒரு நன்றி சொல்ல வேண்டும். ஒன்றுக்கு மேல் கூடாது என்பது மாமியார் போட்ட சட்டம்.

"மனசு ஒட்டாதவங்களையும் ஒரே வீட்ல வெச்சிருக்கீரே, நன்றி ஆண்டவரே" என்று அவளே தொடங்கினாள். ஆண்டவரிடம் சொன்னாலும் பார்வை மருமகள் மேல்தான். மற்றவர்களும் முடித்தார்கள். "இனி அவருக்கும் சேத்து நானே..." என்று மாமியார் கணவரைப் பார்த்தாள்.

மாமனார் நாற்காலியின் கைப்பிடியைத் தட்டினார்.

மருமகள் அவர் பக்கம் நகர்ந்தாள். ஆண்டவரே, இப்போது கைவிட்டுவிடாதேயும்! அவள் மெல்ல முதல் சுரத்தை முனகினாள். அவர் வாய் கோணியது, திறந்தது.

"நன்... றி... ஆண்... டவ... ரே..."

சுதி எங்கோ போயிற்று. ஊரையே சுதிக்காகத் திட்டும் நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள். கிழவர் விடவில்லை. விரலை நீட்டிக் காட்டினார்.

"மரு... மக."

மாமியார் அப்படியே அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து மருமகளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"பாவி... ஏன்டி என்கிட்ட சொல்லல? நான் பேசுனதெல்லாம் கேட்டுக்கிட்டே இருந்தியே!"

"வரலைன்னா நீங்க தாங்க மாட்டீங்கன்னு மாமா பயந்தாங்க, அத்தை... எனக்கும் அதே பயம்தான்."

நாத்தனார் அங்கியை நீட்டினாள். "அண்ணி, நீங்களே பாடுங்க... என்னை மன்னிச்சிடுங்க."

"வேணாம்மா. அந்தப் பொண்ணு ரெண்டு வாரமா பழகியிருக்கு, பாவம். நான் மாமா பக்கத்துல உக்காந்துக்கறேன்." மனதார, சிரித்துக்கொண்டே சொன்னாள்.

மாமியார் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி கண்ணை மூடினாள்.

"அம்மா, ஒருத்தருக்கு ஒண்ணுதானே?" என்றான் மகன், ஒற்றை ஷூவோடு.

"சட்டம் போட்டவளே நான்தான்டா, சும்மா இரு! ஆண்டவரே, முதல்ல சொன்னதை விட்டுடும். இவளுக்காக நன்றி. இவ வாயத் திறக்கறதுக்கு முன்னாடியே புரிஞ்சுக்கற புத்திய எனக்குக் குடும்."

ஆமென் சொல்லி எல்லாரும் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். யாருக்கும் நகரத் தோன்றவில்லை. முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர் மாமனார். கண்டக்டர் சொல்லும் ஒரு வார்த்தைக்காகவே ஒவ்வொரு நிறுத்தத்திலும் காத்திருந்தவர். இன்று அவரே வாசலைப் பார்த்துச் சொன்னார்.

"போ... லாம்."