பலிமேடை மண்

சாங்கான் நகரின் நிலத்தெய்வப் பலிமேடையில் நின்ற பழைய பைன் மரம் திடீரென்று பட்டுப்போனது. ஒருவர் இவ்வளவு நிலம்தான் வைத்திருக்கலாம் என்று மந்திரி ஷுன் காய் கொண்டுவந்த சட்டத்தின் மேல் வானம் கோபித்துக்கொண்டது என்று அரண்மனையே பேசியது. வானம் கோபித்தால் மந்திரி பதவி விலக வேண்டும்; கோபம் பெரிதென்றால் நஞ்சே குடிக்க வேண்டும். அதுதான் வழக்கம்.

ஷுன் காய் நேரே நீதி அதிகாரி பெய் யானிடம் வந்தார். "சாகறதுக்குப் பயப்படல. என்கூட அந்தச் சட்டமும் செத்துடும். மரத்தை ஒரு தடவ பாருங்க."

பெய் யான் தன் உதவியாளன் மா குய்யோடு போனார். பலிக்குக் கட்டியிருந்த செம்மறிகள் கயிற்றை இழுத்துக்கொண்டு மரத்தடி மண்ணை நக்கிக்கொண்டிருந்தன.

"பக்கத்துலயே புல்லு இருக்கு, மண்ணைத் திங்குதுங்க பாருங்க! கிறுக்கு ஆடுங்க," என்று சிரித்தான் மா குய்.

"திட்டாதப்பா. நம்மள விட வெவரமானதுங்க."

பலிமேடையைச் சுற்றியிருந்த வேலிக்குள் நுழையும் உரிமை மூவருக்கே இருந்தது: பூசாரி லூ, காவல் தலைவன் ஹுவான், படையலுக்கு நீர் கொண்டுவரும் மந்திரியின் அண்ணன் ஷுன் தாவ். மூவரையும் வரவழைத்தார் பெய் யான்.

"இந்த மண்ணுல ஒரு சிட்டிகை நாக்குல வச்சு, 'மரத்துக்கு நான் கெடுதல் செய்யல'ன்னு மனசுக்குள்ள சத்தியம் பண்ணுங்க."

மூவரின் கையும் வாய்க்குப் போனது. பிறகு ஒவ்வொருவரையும் தனியே அழைத்து, மண் எப்படி இருந்தது என்று கேட்டார்.

"சீ, ஒரே கரிப்பு!" என்றார் பூசாரி.

"மொதல்ல தண்ணி குடுங்க. உப்பையே முழுங்கின மாதிரி இருக்கு," என்றான் ஹுவான்.

"மண்ணு மண்ணாத்தான் இருந்துச்சு," என்றார் ஷுன் தாவ்.

மந்திரியையும் அழைத்து எல்லோர் முன்னிலும் பெய் யான் சொன்னார்: "உப்புத்தண்ணி ஊத்தி மரத்தைக் கொன்னிருக்காங்க. ஆடுங்களே காட்டிக்கொடுத்துடுச்சு. வாயில வச்ச ரெண்டு பேருக்கும் கரிச்சுது. ஷுன் தாவ் ஐயா, நீங்க நாக்குல வைக்கவே இல்ல, பொய்ச்சத்தியத்துக்குப் பயந்துட்டீங்க. வச்சிருந்தீங்கன்னா, உப்பை ஏன் மறைச்சீங்க?"

ஷுன் தாவ் தம்பியைப் பார்த்தார். "நம்ம பாட்டன் பூட்டன் சேத்த நிலம்டா. உன் பதவிதான் போகும்னு நெனச்சேன்."

"நஞ்சு குடிக்கணும்னு பேச்சு வந்தப்ப என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதியே அண்ணே. அப்பவாவது சொல்லியிருக்கலாமே."



"உள்ளதை உள்ளபடி சக்கரவர்த்திகிட்டச் சொல்லிடுங்க," என்று பெய் யானிடம் சொல்லிவிட்டு மந்திரி எழுந்தார்.

சந்தையில் சட்டம் வாசிக்கப்பட்ட அன்று கூட்டம் ஆரவாரித்தது. ஷுன் காய் அங்கே இல்லை. அண்ணனுக்குத் தினைக்கஞ்சி எடுத்துக்கொண்டு சிறைக்குப் போயிருந்தார்.