வாசல் வரைக்கும் வராத வீடியோ

ஷூ லேஸை இறுக்கி இழுத்தால் ஒரு சத்தம் வரும். கிறீச் என்றும் சொல்ல முடியாது, சர்ரென்றும் சொல்ல முடியாது. நாடா துளைக்குள் உரசிக்கொண்டு ஏறும்போது எழுகிற சின்ன முனகல் அது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்த தனக்கொடியின் காதில், அந்தச் சத்தம் முன்னறையிலிருந்து வந்து விழுந்தது. அந்த வீட்டில் ஷூ போடுகிற ஆள் இப்போது யாரும் கிடையாது. இருப்பதே அவள் ஒருத்திதான்.

எலி என்று முடிவு கட்டினாள். அந்த நெல்லித்தோப்புப் பக்கத்து எலிக்கு எந்தச் சத்தமும் கைவந்த கலை. ஆனால் அடுத்தாற்போல் வாசலோரத்து மடக்கு நாற்காலி முனகியது. ஆள் எழுந்திருக்கும்போது முனகுகிற அதே முனகல். எழுந்த ஆள் நடக்க வேண்டும், இரும்பு கேட்டைச் சாத்த வேண்டும். காலடியும் இல்லை, கேட்டும் இல்லை. மறுபடி லேஸ்தான்.

மடியில் மொச்சையோடு எட்டிப் பார்த்தாள். நாற்காலி காலியாகக் கிடந்தது. கிரீஸும் தோலும் வியர்வையும் கலந்த வாசனை மட்டும், பஸ்ஸை விட்டு இப்போதுதான் யாரோ இறங்கி வந்த மாதிரி, அறை முழுக்க நின்றது.

இங்கே கம்ப்யூட்டர் கிளப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பந்தல் சாமான் வாடகைக் கடையின் மாடியில், அடுக்கிவைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே, ஞாயிற்றுக்கிழமை தோறும் கூடுகிற கூட்டம் அது. போர்டில் 'கணினி மன்றம்' என்று இருக்கும். கணினி என்று பார்த்தால் மொத்தம் ஒன்றுதான், அதுவும் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் கலைச்செல்வனுடைய லேப்டாப். மற்றபடி ஆளுக்கொரு போன். எல்லாருக்கும் வீடியோ போட வேண்டும். பக்கத்து வீட்டு மணியம்மாள் வஞ்சிரக் குழம்பு போடுவாள். மிளகாய்த்தூளைக் காட்டுவதை விட வளையலைத்தான் அதிகம் காட்டுவாள். செயலாளர் ராஜாங்கம் கடற்கரையில் தான் நடப்பதைத் தானே எடுத்துப் போடுவார். அவர் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். அந்த வகையில் குடும்பத்துக்கு மிஞ்சியது, நன்றிக்கு பிரெஞ்சுக்காரன் சொல்லும் 'மெர்சி' என்ற ஒரு வார்த்தை; அதைக் கூட்டத்தில் இவர் இடம்பார்க்காமல் செலவழிப்பார். ஒருத்தர் வீடியோவைச் சுவரில் ஓட்டினால் மற்றவர்கள் அங்கேயே லைக் போட்டு, ஒரு வரி எழுதி, நாலு குரூப்புக்கு அனுப்பிவிட வேண்டும். கிளப்பின் சட்டம் அது. நீ எனக்கு, நான் உனக்கு.

தனக்கொடியை அங்கே இழுத்துப் போனது மணியம்மாள்தான். மகன் அருள்முருகன் செத்து வருஷம் திரும்பப் போகிறது. அவன் கடைசியாக வேலைக்குக் கிளம்பிய காலை, அம்மாவுக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுத்து, "எடுத்துப் பழகும்மா" என்று சொல்லி, அந்த மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து கம்பெனி ஷூவைப் போட்டுக்கொண்டான். அவளும் எடுத்தாள். குனிந்து லேஸ் கட்டினான். நிமிர்ந்து, "நேரமாச்சு, விடும்மா" என்று சிரித்தான். முழங்காலில் கையூன்றி எழுந்தான், வாசல்படி இறங்கினான், கேட்டைச் சாத்தினான். மேட்டுப்பாளையத்துத் தொழிற்பேட்டைக்குப் போகும் வழியில் டேங்கர் லாரி மோதியது. அவ்வளவுதான்.

அந்த வீடியோவைத் திவசத்துக்குச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பலாம் என்று கொண்டுபோனாள். கலைச்செல்வனுக்கு ஒரு கொள்கை உண்டு: எந்த வீடியோவிலும் தலையையும் வாலையும் வெட்டு, சத்தத்தை எடுத்துவிட்டுப் பாட்டைப் போடு.

"முகம் தெரியிற வரைக்கும் போதும்க்கா. முதுகை எவன் பாக்கப்போறான்?"

"ஆமாந் தம்பி," என்றாள் தனக்கொடி. "அவன் வாசலைத் தாண்டுறதை எடுத்துடு. அதைப் பாக்கத்தான் என்னால ஆவல."

எடுத்துவிட்டான். முழங்காலில் கையூன்றி எழுகிற இடத்தோடு சரி. புல்லாங்குழல் சேர்த்தான். முடிந்தால் தானாக முதலிலிருந்து ஓடும்படி வைத்தான். போனில் இடமில்லை என்று, காலை வணக்கப் படங்களோடு வெட்டாத பழைய வீடியோவையும் சேர்த்துத் துடைத்தான். குப்பைக்கூடை வரைக்கும் போய்த் துடைக்கிற சுத்தக்காரன் அவன். கூட்டம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே எல்லாக் குரூப்புக்கும் அனுப்பிவைத்தது. மெர்சி என்றார் ராஜாங்கம்.

அது போன ஞாயிறு.

புதன்கிழமை விளக்கு வைத்துவிட்டு, ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி தனக்கொடி முன்னறைக்கு வந்தபோது மழை பிடித்திருந்தது. ஜன்னல் வழியே தெருவிளக்கின் மஞ்சள் ஒழுகி வந்து தரையில் கிடக்க, பொதுச்சுவருக்கு அந்தப் பக்கம் மணியம்மாளின் போனில் புல்லாங்குழல் தொடங்க, நாற்காலியில் அவன் இருந்தான். நீலச் சட்டை. நெற்றியில் விழும் முடி. குனிந்து லேஸ் கட்டிக்கொண்டிருந்தான்.

பயந்தாளா என்று கேட்டால், இல்லை. பிள்ளையைப் பார்த்த தாய் எங்கே பயந்தாள்? "வந்துட்டியாப்பா," என்று எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நிமிர்ந்து சிரித்தான். உதடு அசைந்தது, குரல் இல்லை. எழப்போனான். சுவருக்கு அப்பால் குழல் முதலிலிருந்து தொடங்கியது. பொசுக்கென்று மறுபடி உட்கார்ந்து குனிந்திருந்தான்.

வியாழக்கிழமை அவன் பக்கத்தில் காபி டம்ளரை வைத்தாள், சர்க்கரை தூக்கலாக. ஆடை கட்டி ஆறிப்போனது. அவளுக்குக் குறையில்லை. பிள்ளை போகவில்லை, வீட்டில்தான் இருக்கிறான், வேறென்ன வேண்டும்? மீன்காரி கேட்டதற்குக்கூட, "ரெண்டு பேருக்குப் போடு" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அது மதியத்துக்குள் தெருமுனை டீக்கடை வரை போய்ச் சேர்ந்தது வேறு கதை.

வெள்ளிக்கிழமைதான் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

சிரிப்பு அதே சிரிப்புதான், வாய் மட்டும். கண் சிரிக்கவில்லை. அது அவளையே பார்த்துக்கொண்டு, குனிகிறபோதும் மேலே ஏறி அவளையே பார்த்துக்கொண்டு, நனைந்திருந்தது. முழங்காலில் ஊன்றிய விரல்களில் ரத்தமே இல்லை. பாதி எழுந்த உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. குழல் திரும்பியதும் சட்டைக் காலரைப் பிடித்து எவனோ இழுத்த மாதிரி நாற்காலியில் போய் விழுந்தது. பிறகு ஷூவைப் பார்த்தாள். லேஸ் அவிழவே இல்லை. முன்னே இறுக்கியது இறுகினபடியே இருக்க, மேலே மேலே இறுக்கிக்கொண்டிருந்தான். செவ்வாய்க்கிழமையிலிருந்து. இரண்டு ஷூவும் அவள் மணிக்கட்டுப் பருமனுக்குச் சுருங்கிப்போயிருந்தன. துளைகளிலிருந்து கறுப்பாக ஏதோ கசிந்து தரையில் பரவியிருந்தது.

உதடு அசைந்தது. என்ன சொல்கிறான் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கு விளையாட்டாகச் சொன்னான். இன்றைக்கு அப்படி இல்லை.

விடும்மா.

வெளியே அடிபட்டு, ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்துக் கொடுத்த உடம்பை அவர்கள் பக்கம் வீட்டுக்குள் ஏற்றுவதில்லை. அவனைத் தெருவில் ஷாமியானாவுக்குக் கீழே கிடத்தி, அங்கேயே குளிப்பாட்டி, அங்கிருந்தே தூக்கிப்போனார்கள். ஆகவே அருள்முருகன் இந்த வீட்டை விட்டுப் போனது ஒரே தரம்தான். அந்தக் காலையில் படி இறங்கினானே, அது. அதைத்தான் வெட்டச் சொல்லியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கிளப் மாடிக்கு எல்லாருக்கும் முன்னால் போய் நின்றாள்.

"தம்பி, வெட்டினதை ஒட்டிக் குடு."

கலைச்செல்வன் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான். "அது இல்லக்கா. அழிஞ்சுபோச்சு. அழிச்சா அழிச்சதுதான்."

"வாசல்ல எறங்குறது மட்டும் போதுந் தம்பி. அவ்ளோண்டுதான்."

"எங்கக்கா போவேன் அதுக்கு? இல்லாததை நான் செஞ்சா குடுக்க முடியும்?"

மணியம்மாள் அவள் தோளைத் தொட்டாள். "இன்னாக்கா ஆச்சு? ஊரே பாத்து அழுவுது. நானே தெனம் படுக்கறதுக்குள்ள பத்து தரம் பாக்கறேன், தெரியுமா?"

தனக்கொடி அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையில் மணியம்மாளின் வளையல்கூடச் சத்தம் போடவில்லை.

"பாக்காத," என்றாள். "உன் கால்ல வுழறேன் மணி, பாக்காத. நீ பாக்கப் பாக்க அவன் உக்காந்துடறான். யாரும் பாக்காதீங்க. எல்லாரும் அழிச்சிடுங்க. எம்புள்ளை எழுந்து போவட்டும்."

கூட்டம் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தது. பாவம், வருஷம் நெருங்குது, மனசு தாங்கல என்று கண்ணாலேயே பேசிக்கொண்டது. நல்ல மனிதர்கள்தான். ஒருத்தர்கூட மறுக்கவில்லை. அவரவர் போனை எடுத்தார்கள், கடைசியாக ஒரு தரம் பார்த்தார்கள், அழித்தார்கள். ராஜாங்கம் எழுந்து நின்றார்.

"கவலைப்படாதம்மா. நம்ம கையை விட்டு வெளியூருக்கெல்லாம் போயிருக்கும். எல்லா குரூப்புக்கும் நானே சொல்லிடறேன்."

சொல்லிவிட்டார். நிதானமாகக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்: ஒரு தாயின் கண்ணீர் வேண்டுகோள், இந்த வீடியோவைப் பார்த்தவர்கள் தயவுசெய்து உடனே அழித்துவிடவும், அனைவருக்கும் பகிரவும். எந்த வீடியோ என்று ஜனங்களுக்குத் தெரிய வேண்டுமே. அதற்காகத் தன் போனில் பத்திரமாக இருந்த அதே வீடியோவைக் கூடவே சேர்த்தார். அனுப்பினார். மாடியில் இருந்த அத்தனை போனும் ஒன்றாகச் சிணுங்கின.

"மெர்சி," என்றார்.

தனக்கொடிக்கு அது புரிய ஒரு நொடி ஆனது. "ஐயோ, இன்னா பண்ணீங்க," என்றாள். படியில் இறங்கும்போது ஒரு செருப்பு நழுவியது. எடுக்கவில்லை.

மழை விட்டுத் தெரு சொட்டிக்கொண்டிருந்தது. மளிகைக் கடையைத் தாண்டும்போது கல்லாவிலிருந்து குழல் கேட்டது. அடுத்த வீட்டு ஜன்னலில். எதிர்வீட்டு மாடியில். ஆட்டோவுக்குள் சாய்ந்திருந்தவனின் நெஞ்சின் மேல். ஒன்று தொடங்க, ஒன்று பாதியில் இருக்க, ஒன்று முடிய, அதே குழல், முன்னும் பின்னுமாக. ஒரு பெண் போனைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துவிட்டுப் பக்கத்திலிருந்தவளிடம் நீட்டினாள். "அழிக்கணுமாம். நீ பாத்துட்டியா?"

தனக்கொடி ஓடினாள். ஐம்பது வயசுக்காரி, ஒற்றைச் செருப்போடு.

கேட்டைத் தள்ளித் திறந்தாள். கதவைத் திறந்தாள், இரண்டு பக்கமும் அகல. கல்லை முட்டுக் கொடுத்தாள். "போப்பா. தொறந்து வெச்சிட்டேன். போ."

விளக்கைப் போடவில்லை. தெருவின் மஞ்சள் போதுமாயிருந்தது.

நாற்காலியில் இருந்தது ஒருவன் இல்லை.

குனிந்திருந்தான். அந்தக் குனிந்த முதுகிலிருந்து நிமிர்ந்திருந்தான். நிமிர்ந்தவனின் தோளிலிருந்து பாதி எழுந்திருந்தான். இன்னும் குனிந்து, இன்னும் நிமிர்ந்து, இன்னும் எழுந்து. எல்லாம் ஒரே நீலச் சட்டை, ஒரே நாற்காலி. எந்த ஊரில் எவர் வீடியோவின் எந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாரோ, அந்த இடத்தில் ஒருவன். ஒன்றின் கன்னத்துக்குள் ஒன்றின் காது. முழங்கால்கள் கொத்துக் கொத்தாக. லேஸ் இழுபடும் சத்தம் மழை மாதிரி. ஒவ்வொன்றாக எழுந்தன. எழுந்தது பின்னால் வந்ததில் இடித்து விழுந்தது. புதிதாக ஒன்று முளைத்தது. இன்னொன்று.

திறந்த வாசல் ஓரடி தள்ளி இருந்தது.

"எங்கண்ணு," என்றாள். "இதுல எதுடா நீ?"

எல்லா முகமும் ஒன்றாக அவள் பக்கம் திரும்பியது. சிரித்தபடி. கண்ணில் நீர் வழிந்தபடி. பிறகு கைகள் லேஸை விட்டன. அந்த வீடியோவில் அப்படி ஒரு இடம் கிடையாது. ஒவ்வொன்றாக, எல்லாக் கையும், அவளை நோக்கி நீண்டன. நடக்கப் பழகாத குழந்தை இடுப்புக்குத் தூக்கச் சொல்லிக் கை நீட்டுமே, அப்படி.

தனக்கொடி மண்டியிட்டு ஒன்றைப் பிடித்தாள். ஜில்லென்றிருந்தது. உயிரைக் கொடுத்து இழுத்தாள்.

தோள் வரைக்கும் கழன்று வந்தது. அவ்வளவுதான் வந்தது.