பன்னிரண்டாம் பக்கத்துப் பாய்ச்சல்

சின்னவளின் படப் புத்தகத்தில் பதினொரு பக்கங்கள் தயார். எல்லாவற்றிலும் ஒரே ஆள்தான்: வீட்டின் பின்சுவரில் வாழும், பட்டாணி அளவுச் சிலந்தி. அது வலை கட்டாது. புலி மாதிரி பதுங்கிப் போய் ஈயின் மேல் பாயும்.

பன்னிரண்டாம் பக்கத்தில் 'இதோ, பாய்கிறது!' என்று எழுதிவிட்டாள். படம்தான் இல்லை.

நாளை காலை வகுப்பில் காட்ட வேண்டும். படம் அச்சடிக்கும் கடை ஆறு மணிக்கு மூடிவிடும். இப்போதே மணி ஐந்து.

சிக்கல் அம்மாவின் பழைய போனில். பொத்தானை அமுக்கினால் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் படம் எடுக்கும். அதற்குள் சிலந்தி பாய்ந்து போயிருக்கும்.

போனைப் பார்த்த அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். "பதினேழு படம், பதினேழும் வெறும் சுவரு! பேசாம சுவரைப் பத்தியே புத்தகம் போட்டுடு, சோடாபுட்டி!"

"போடா! நீ எடு பாக்கலாம்."

அவனும் எடுத்தான். பதினெட்டாவது சுவர்.

சின்னவளுக்கு அழுகை முட்டியது. போனைக் கீழே வைத்தாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சும்மா உட்கார்ந்து பார்த்தாள்.

ஒரு ஈ வந்தது. சிலந்தி நகர்ந்தது, நின்றது. வயிற்றின் நுனியால் சுவரில் ஒரு தட்டு. பிறகு பாய்ச்சல்! ஈ தப்பிவிட்டது. ஆனால் சிலந்தி கீழே விழவில்லை, அந்தரத்தில் தொங்கியது.

ஜன்னலுக்கு உள்ளே அம்மா யாருடைய சட்டைக்கோ பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். நூலைக் கோத்து, நுனியில் முடிச்சுப் போட்டார். அப்புறம்தான் ஊசியைத் துணியில் இறக்கினார்.

"அம்மா, முடிச்சுப் போடாம தைச்சா என்னாகும்?"

"நூல் உருவிக்கிட்டு வந்துடும். ஏன்டி?"

"அதுவும் முடிச்சுப் போடுதும்மா! நூலை ஒட்ட வச்சுட்டுத்தான் பாயுது!"

"எதுடி?"

சின்னவள் அதற்குள் சுவரருகே போய்விட்டாள். இனிப் பாய்ச்சலுக்குக் காத்திருக்கக் கூடாது. தட்டியதுமே அமுக்கிவிட வேண்டும்.

அடுத்த ஈ வர வெகு நேரமானது. வந்தது. சிலந்தி பதுங்கியது. அண்ணனுக்குத் தும்மல் வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டான்.

தட்டு!

அமுக்கினாள். போன் யோசித்தது.

திரையில், எட்டுக் காலையும் விரித்தபடி, காற்றில் சிலந்தி! அதன் பின்னே சுவர் வரைக்கும் மெல்லிய வெள்ளைக் கோடு.

"ஏய், நூலு தெரியுதுடி!" என்று அண்ணன் கத்தினான். தும்மலும் கூடவே வெடித்தது.

அம்மா ஊசியும் கையுமாக ஓடி வந்தார். "அடேங்கப்பா! எனக்குப் போட்டியா சுவத்துல ஒரு தையல்காரியா!"

"மணி அஞ்சே முக்கால்!" அண்ணன் சைக்கிளை எடுத்தான். "ஏறு, சீக்கிரம்!"

மறுநாள் பன்னிரண்டாம் பக்கத்தைப் பார்த்ததும் வகுப்பே எழுந்து நின்றுவிட்டது.

"எந்தக் கேமராம்மா?" என்று கேட்டார் ஆசிரியை.

"அம்மாவோட பழைய போன், மிஸ்."

ஆசிரியை அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அங்கே வெறும் சுவர்.

கீழே எழுதியிருந்தது: 'எங்கள் வீட்டுச் சுவர். அண்ணன் விரும்பிக் கேட்ட படம்.'