கவிழ்த்து வைத்த தொட்டி

"இந்தத் தாள்ல ஒரு வார்த்தை போட்டிருக்காங்க சார். அதுக்கு மட்டும் அர்த்தம் சொல்லுங்க," என்றாள் அந்தப் பெண். குற்றப்பத்திரிகையின் நகலை மேஜைமேல் விரித்து, மூன்றாவது வரியில் விரலை ஊன்றினாள். 'முன்கூட்டியே திட்டமிட்டு' என்றிருந்தது.

எதிரே இருந்தவர் வக்கீல்களுக்காகத் துப்புத் துலக்கிக் கொடுப்பவர். 'ஆமாம்' என்று சொல்லவே அரை நிமிடம் எடுத்துக்கொள்வார். அதனால் நீதிமன்ற வளாகத்தில் அவருக்கு நிதானம் என்றே பெயர். பக்கத்தில் நோட்டும் கையுமாக இருந்த ஜூனியர் வக்கீல் நேர்மாறு. கேள்வி முடியுமுன் பதில் சொல்லிவிடுவாள்.

"கோபத்துல கை நீட்டுறது ஒண்ணும்மா," என்றார் நிதானம். "ஒழிச்சுக் கட்டணும்னு மனசுக்குள்ளயே கறுவிக்கிட்டு இருக்கிறது இன்னொண்ணு. முடிவு பண்ணி, அதுக்குத் தகுந்த மாதிரி எல்லாத்தையும் ஏற்பாடு பண்ணிட்டுச் செய்யறது மூணாவது. இந்த வார்த்தைக்கு அர்த்தம் மூணாவது."

"மூணாவதுன்னா?"

"ஆயுள் தண்டனை," என்றாள் ஜூனியர். "கோபத்துலன்னா சில வருஷத்துல வெளியே வந்துடலாம்."

இறந்தது அவள் கணவன். அடித்தது அவள் தம்பி. இருவரும் சேர்ந்து ரொட்டிக்கடை நடத்தினார்கள். மத்தியானம் தம்பி மாவைப் பிசைந்து தொட்டிகளில் புளிக்க வைப்பான். விடிந்ததும் ஆளுக்கொரு தொட்டியாக உருட்டிச் சுடுவார்கள். நாலு பேர் முன்னால் மச்சினனை மட்டம் தட்டாவிட்டால் கணவனுக்குப் பொழுது போகாது. ஒரு மாலை பிசையும் அறையில் சண்டை முற்றி, இரும்புக் கம்பியால் ஒரே அடி. சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்துக் கடைக்காரர்தான் தம்பியைப் பிடித்துக் கொடுத்தார்.

"வீட்டுக்காரர் திரும்பி வரப்போறதில்ல சார். எனக்குன்னு மிச்சம் இவன் ஒருத்தன்தான். அன்னிக்குக்கூட மறுநாளைக்கு மாவு பிசைஞ்சு மூடி வெச்சிருக்கான். கொலை பண்ணப் போறவன் யாராவது நாளைக்குன்னு மாவு பிசைவானா?"

"சபாஷ்!" என்று ஜூனியர் நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டாள்.

மறுநாள் நீதிமன்ற அனுமதியோடு மூவரும் கடைக்குப் போனார்கள். காவலர் சீலை உடைத்துக் கதவைத் திறந்ததும் புளித்த நாற்றம் மூக்கைத் துளைத்தது. அடுப்படியில் இருக்கவேண்டிய கம்பியை, தம்பி முன்கூட்டியே பிசையும் அறைக்குக் கொண்டுவந்து வைத்தான் என்பதுதான் போலீஸின் ஒரே பிடி.

நிதானம் பிசையும் அறையின் ஜன்னலருகே போய்க் குனிந்தார். ஜன்னல் கதவுக்கு முட்டுக்கொடுக்கும் இடத்தில், மரச்சட்டத்தில் ஒரு பள்ளம் தேய்ந்திருந்தது. அதில் துருக்கறை ஊறிக் கறுத்திருந்தது.

"ஜன்னலுக்கு முட்டுக்கொடுக்கக் கம்பி வருஷக்கணக்கா இங்கேயேதான் இருந்திருக்கு சார்! போலீஸ் கேஸ் புஸ்ஸுன்னு போச்சு!" ஜூனியர் குதிக்காத குறை. இரண்டு மாதமாக அடைத்திருந்த மூச்சை அந்தப் பெண் அன்றுதான் விட்டாள்.

நிதானம் மட்டும் திரும்பவில்லை. நீளப் பலகையின் முன் நின்றிருந்தார். ஒரு தொட்டியில் மாவு பொங்கி வழிந்து காய்ந்து வெடித்திருந்தது. பக்கத்தில் இன்னொரு தொட்டி, கழுவிக் கவிழ்த்தபடி இருந்தது.

"இது ஏன் காலியா இருக்கு?"

"ரெண்டாவதைப் பிசையறதுக்குள்ள சண்டை வந்திருக்கும் சார்," என்றாள் ஜூனியர்.

"சுரண்டியைத் துடைச்சு ஆணியில மாட்டியிருக்கான். ஈஸ்ட் டப்பாவை மூடி மேல ஏத்தியிருக்கான். ஏப்ரனை மடிச்சு வெச்சிருக்கான். வேலையை முடிச்சவன் செய்யற காரியம்மா இதெல்லாம்."

"மாவு தீர்ந்திருந்தா?"

அவர் மூலையைக் காட்டினார். பிரிக்காத மூட்டைகள் ஆறு.

"ஆர்டர் கொறைச்சலா..." என்று தொடங்கிய ஜூனியர், சுவரிலிருந்த பலகையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். மறுநாளைக்கான ஆர்டர் பட்டியல் சாக்கட்டியில் நெருக்கியடித்து எழுதியிருந்தது.

"அது ரெண்டு தொட்டிக்கு உண்டான ஆர்டர்," என்றாள் அந்தப் பெண், யாரும் கேட்காமலே.

"உங்க வீட்டுக்காரர் மறுநாள் வேலைக்கு வரமாட்டேன்னு சொல்லியிருந்தாராம்மா?"

அவள் பட்டியலிலிருந்து பார்வையை விலக்கி, கவிழ்ந்திருந்த தொட்டியைப் பார்த்தாள்.

"ஒரு ஆளால ஒரு தொட்டிதான் உருட்ட முடியும். மிச்சம் புளிச்சு வீணாகும்," என்றார் நிதானம் மெதுவாக. "காலையில தான் மட்டும்தான் இருப்போம்னு உங்க தம்பிக்கு மத்தியானமே தெரிஞ்சிருக்கு. ராத்திரியோட பொணத்தை மறைச்சிட்டு, வெளியூர் போயிட்டார்னு சொல்லிக் கடையைத் திறக்கலாம்னு கணக்குப் போட்டிருக்கான். பக்கத்துக் கடைக்காரர் சத்தம் கேட்டு ஓடி வருவார்னு எதிர்பார்க்கல."

"நாம அவன் பக்கம்தானே சார்? இதை யாருக்கும் சொல்லாம விட்டுடலாமே?" என்றாள் ஜூனியர்.

"போலீஸ் எடுத்த போட்டோவுல ரெண்டு தொட்டியும் இருக்கும்மா. இவங்க கூண்டுல ஏறி 'மாவு பிசைஞ்சான்'னு ஆரம்பிச்சா, அரசு வக்கீல் விடுவாரா?"

"மறுநாள் அவருக்கு லீவுன்னு நான் சொல்லிட்டா?" என்றாள் அந்தப் பெண். "நான் சொன்னா நம்புவாங்க. செத்தது என் புருஷன்."

நிதானம் அவள் பக்கம் திரும்பினார். "சொல்லுங்கன்னு என்னால சொல்ல முடியாதும்மா. சொல்லாதீங்கன்னு சொல்லவும் வாய் வரல." எத்தனையோ முடிச்சுகளை அவிழ்த்த மனிதர், செய்வதறியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பார்க்கவே பாவமாக இருந்தது.

அவள் கவிழ்ந்திருந்த தொட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"அன்னிக்கு மத்தியானம் ரெண்டு பேருக்கும் சோறு கொண்டுவந்தேன் சார். இது இப்படியேதான் கிடந்துச்சு. 'என்னடா, ஒண்ணுதானா?'ன்னு கேட்டேன். 'நாளைக்கு இது போதும்க்கா'ன்னான். முன்னறையில இவர் சாப்பிட்டுக்கிட்டு இருந்தார். நான் பாத்திரத்தை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்."